நிந்தைச் சித்திரமும் நிறைகோலும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து சேருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும், ஐந்து ரதங்களையும், பெருந்தவச் சிற்பத்தையும் பார்த்துத் திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். குன்றின்மேல் இராமாநுச மண்டபம் என்று வழங்கும் குடைவரையின் முன்னால் நெடுநேரம் நிற்பவர் சிலரே. அங்கே பார்ப்பதற்குச் சிற்பம் அதிகம் இல்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் சிற்பம் இல்லாமற்போன விதத்தை அறிய விரும்புகிறவனுக்கு, அந்தக் கடற்கரை முழுவதிலும் இதைப்போல் விஷயம் நிறைந்த இடம் வேறில்லை என்று சொல்வேன். மூன்று கருவறைகளாகக் குடையப்பட்டிருந்த மண்டபத்தின் இடைச்சுவர்கள் பிற்காலத்தில் உடைத்து நீக்கப்பட்டிருக்கின்றன. சோமாஸ்கந்தர், துர்க்கை முதலிய உருவங்கள் இருந்த இடங்களில் உளி அடுத்தடுத்து விழுந்த குழிகளும், உருவத்தின் வெளிவரையை ஊகிக்க இடங்கொடுக்கும் மேடுபள்ளங்களும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. புதிதாகச் செதுக்கிய சங்கும் சக்கரமும், மண்டபம் சைவத்திலிருந்து வைணவத்துக்குக் கைமாறியதை அறிவிக்கின்றன.

அந்த மண்டபத்தின் தரையிலோ வேறொன்று இருக்கிறது. ருத்திரனை உள்ளத்தில் கொள்ளாதவர்களை ஆறு முறை சபிக்கும் வடமொழிச் சுலோகம் ஒன்று, பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. கணேச ரதத்திலும் தர்மராஜ மண்டபத்திலும் உள்ள நீண்ட கல்வெட்டுகளின் முடிவில் வருவதும் இதே சுலோகந்தான். எவரையும் நிந்திக்காமல் உமையோடும் குழந்தையோடும் வீற்றிருந்த தெய்வத்தின் உருவம் செதுக்கி எறியப்பட்டது. செதுக்கியவருடைய கொள்கையினரையே குறிவைத்துச் சபிக்கும் வாசகமோ அவருடைய காலடியிலேயே விடப்பட்டது. பிறர் மனத்தைப் புண்படுத்தும் கலைப்படைப்புகளை நீக்கப் புகுகிறவர்களுக்கு நேரக்கூடிய பிழை ஏறக்குறைய முழுவதும் இந்த ஓர் அறைக்குள் அடங்கியிருக்கிறது. கண்ணில் பட்டது போயிற்று. வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே புலப்படக்கூடியது தங்கிவிட்டது. நீக்கியவர் தமது காரணத்தை எங்கும் எழுதி வைக்காததால், பின்வந்த தலைமுறைகளுக்குத் தழும்பு தெரிகிறதேயன்றி அதன் நியாயம் தெரியவில்லை.

இக்காலத்தில் இந்த வேலை மண்டபத்தை விட்டு இணையத்துக்கு வந்துவிட்டது. ஓவியர்களும் ரசிகர்களும் ஆயிரக்கணக்கில் கூடித் தத்தம் சித்திரங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் சமூகங்களில், ஒரு சாதியையோ மதத்தையோ பெண்களையோ இழிவுபடுத்தும் படம் ஒன்று வந்து விழும்போது, அதை விடுவதா நீக்குவதா என்று யாரோ ஒருவர் அந்தக் கணத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நேற்று நீக்கிய படத்துக்கும் இன்று விட்ட படத்துக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடிவதில்லை. நீக்கியது கடுமையா, விட்டது தாராளமா என்ற தர்க்கத்தைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நிலையின்மைதான். ஏனென்றால் கடுமையான விதியையும் மனிதன் அநுசரித்து வாழ்ந்துவிடுவான், இன்னதென்று தெரியாத விதிக்குக் கீழே அவனால் வாழவும் முடியாது, வரையவும் முடியாது.

மாமல்லபுரத்தின் கல்பட்டறைகளில் உருவத்துக்கு நிலைத்த அளவு உண்டு. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, உத்தம தசதாலத்தில் அமையும் மூர்த்திக்கு 124 அங்குலம் என்றும், மத்திம தசதாலத்துக்கு 120 என்றும், அதமத்துக்கு 116 என்றும் சிற்ப சாஸ்திரம் வகுத்திருக்கிறது. 1957-இல் அவ்வூரில் தொடங்கப்பெற்ற அரசுச் சிற்பக் கல்லூரியிலும் மாணவர்கள் இந்தத் தால அளவைக் கற்கிறார்கள். இரண்டு சிற்பிகள் ஒருவரையொருவர் பாராமலேயே ஒரே அளவுள்ள உருவத்தைச் செதுக்கிவிட இதனால் முடிகிறது. உருவத்தின் பொருளுக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடையாது என்பது மெய்யே. ஆயினும், பொருளை நிர்ணயிக்கிற மனிதர்கள் தங்களுக்குள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்பதை அளந்து காணக் கணிதத்தில் வழி இருக்கிறது.

நூறு சித்திரங்களை இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்து, துவேஷமானவற்றைக் குறிக்கச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆளுக்கு இருபதைக் குறிக்கிறார்கள். அவற்றுள் பன்னிரண்டு இருவருக்கும் பொதுவாக அமைகின்றன. எழுபத்திரண்டை இருவருமே குற்றமற்றவை என்று விட்டுவிடுகிறார்கள். ஆக, நூற்றில் எண்பத்து நான்கில் அவர்களுக்குள் உடன்பாடு இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல மதிப்பெண். ஆனால் அவ்விருவரும் படங்களைப் பாராமலே, தோன்றியபடி ஆளுக்கு இருபதைக் குறித்திருந்தாலும், தற்செயலாகவே நூற்றுக்கு அறுபத்தெட்டு ஒத்துப்போயிருக்கும். பெரும்பாலான படங்களை இருவரும் விட்டுவிடப் போகிறவர்கள் என்பதே இதற்குக் காரணம். இந்த அறுபத்தெட்டை உழைப்பின் பலனாகக் கருதுவது நியாயமாகாது. தற்செயலைக் கழித்தால், எட்டக்கூடிய மீதி முப்பத்திரண்டில் அவர்கள் உண்மையாக எட்டியது பதினாறே, அதாவது சரிபாதி. அமெரிக்க உளவியலறிஞர் ஜேக்கப் கோஹன் 1960-இல் வெளியிட்ட கப்பா என்னும் அளவு இந்தப் பாதியைத்தான் 0.5 என்று காட்டுகிறது. 1 என்றால் பூரணமான உடன்பாடு. 0 என்றால் நாணயத்தைச் சுண்டிப் போட்டதற்கு மேல் ஒன்றுமில்லை. இவ்வகை அளவுகளை ஆழ்ந்து ஆராய்ந்த கிளாஸ் கிரிப்பெண்டார்ஃப் என்பவர், 0.8-க்கு மேற்பட்டாலன்றி ஒரு தீர்மானத்தை உறுதியாகக் கொள்ளலாகாது என்றும், 0.667-க்குக் கீழே போனால் அதன்மேல் எந்த முடிவையும் கட்டலாகாது என்றும் வரையறுக்கிறார். நூற்றுக்கு எண்பத்து நான்கு ஒத்துப்போன நமது இரு நடுவர்களும் இவற்றுள் தாழ்ந்த வரம்பைக்கூட எட்டவில்லை. ஒரு சமூகத்தின் நடுவர்கள் யோக்கியமானவர்களாகவும் உழைப்பாளிகளாகவும் இருந்தும் அவர்களுடைய தீர்ப்புகள் தாறுமாறாக இருப்பதாக உறுப்பினர்கள் முறையிடுவதன் மர்மம் பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது.

இரண்டு பேருக்கிடையே உள்ள வேற்றுமை ஒருபுறமிருக்க, ஒரே மனிதர் தமக்குத் தாமே வேறுபடுவது அதைக்காட்டிலும் கவனிக்கத்தக்கது. டேவிட் லெவாரி, டேனியல் கில்பர்ட் முதலியோர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தி 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை ஒன்று இதை அழகாக விளக்குகிறது. நீலத்திலிருந்து ஊதா வரையில் சிறிது சிறிதாக வேறுபடும் நிறமுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, இது நீலமா அல்லவா என்று மட்டும் கேட்டார்கள். சிறிது நேரத்துக்குப் பிறகு நீலப் புள்ளிகளைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நீலம் அரிதாக ஆக, முன்பு ஊதா என்று சொல்லிய அதே புள்ளியை அவர்கள் நீலம் என்று சொல்லத் தொடங்கினார்கள். முன்கூட்டியே எச்சரித்தும், மாறாமல் தீர்ப்புச் சொன்னால் பணம் தருவதாகக் கூறியும் அந்த நழுவல் நிற்கவில்லை. பயமுறுத்தும் முகங்களைக் கொண்டு செய்தபோதும், ஒழுக்கத்துக்கு மாறான ஆராய்ச்சித் திட்டங்களைக் கொண்டு செய்தபோதும் இதேதான் நிகழ்ந்தது.

நிந்தைச் சித்திரங்களைப் பரிசீலிக்கிறவருக்கு இதன் பொருள் வெகு தெளிவானது. கொடிய படங்களைத் திறம்பட நீக்கிவிட்ட ஒரு சமூகத்தில் அவர் கண்ணில் படும் கொடுமை குறைகிறது. குறையவே, சாதாரணமான கேலிச்சித்திரம் அவருக்குக் கொடுமையாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. கலவரம் நடக்கும் வாரத்திலோ ஆபாசமும் வெறியும் வெள்ளமாக வருவதால், பிற நாட்களில் நீக்கியிருக்கக்கூடிய படத்தை, இது பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார். அவருடைய மனச்சாட்சி இரண்டு சந்தர்ப்பங்களிலும் சுத்தமாகவே இருக்கிறது. இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு: முன்பே பலர் கூடித் தீர்மானித்த படங்கள் சிலவற்றை, இன்னவை என்று சொல்லாமல், புதியவற்றோடு அவ்வப்போது கலந்து கொடுத்து, அவற்றுக்கு அவர் இன்று அளிக்கும் தீர்ப்பு பழைய தீர்ப்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. புலனாலும் நினைவாலும் பிடித்துவைக்க முடியாத நழுவலை இந்த நிலைக்கற்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இயந்திரத்திடம் விட்டுவிட்டால் அது சோர்வடையாது, பட்சபாதம் காட்டாது, நேற்றும் இன்றும் ஒரே விதமாகத் தீர்ப்பளிக்குமே என்று கேட்பவர்கள் பலர். ஓர் எல்லை வரையில் அவர்கள் சொல்வது சரி. அந்த எல்லை எது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு முறை நீக்கிய படம் மறுபடி வந்தால் அதை அடையாளம் காண இயந்திரத்துக்கு ஓர் உபாயம் இருக்கிறது. படத்தின் வண்ணத்தை அகற்றி, அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு கட்டங்களாகச் சுருக்கி, அதில் ஒளியும் இருளும் அலையலையாக மாறுகிற விதத்தைக் கணக்கிட்டு, நுட்பமான அலைகளைத் தள்ளி, பெரும்போக்கான அலைகளில் 256 மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் நடுமதிப்புக்கு மேற்பட்டதற்கு ஒன்று, கீழ்ப்பட்டதற்குப் பூஜ்யம் என்று எழுதினால், அந்தப் படத்துக்கு 256 இலக்கமுள்ள ஒரு கைரேகை கிடைத்துவிடுகிறது. பேஸ்புக் நிறுவனம் 2019-இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்ட பிடிக்யூ என்னும் முறை இதுவே. படத்தைச் சிறிதாக்கினாலும், தரம் குறைத்தாலும் கைரேகையில் சில இலக்கங்களே மாறும். 256-இல் முப்பத்தொன்று வரை மாறியிருந்தால் அதே படம் என்று கொள்வது வழக்கம். சம்பந்தமில்லாத இரண்டு படங்களுக்கிடையே ஏறக்குறையப் பாதி இலக்கங்கள் வேறுபடும். குழந்தைகளைக் கொடுமைப்படுத்தும் படங்கள் பரவாமல் தடுப்பதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரித்தும் 2009-இல் உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ இவ்வழியில் முன்னோடி. எந்தச் சந்தர்ப்பத்திலும், எவர் கையிலும் குற்றமாகவே இருக்கும் படத்துக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடையாது என்று தயங்காமல் சொல்லலாம்.

நிந்தைச் சித்திரம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 2001-இல் வெளிவந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதத்தில் அந்தப் பாத்திரத்துக்காக உலகமெங்கும் தமிழர்கள் விளையாட்டாகப் பிரார்த்தித்தபோது அந்த முகம் எத்தனை ஆயிரம் மீம்களில் ஏறிற்று என்பது நமக்குத் தெரியும். வடிவேலுவின் முகம் தமிழ் மீம்களுக்கு ஏறக்குறைய எழுத்தைப் போல் ஆகிவிட்டது. அதே முகத்தின் கீழே தேர்வுக்குப் படிக்காத மாணவனைப் பற்றி ஒரு வரி எழுதினால் அது நகைச்சுவை. ஒரு சாதியின் பெயரைச் சேர்த்து வேறொரு வரி எழுதினால் அது துவேஷம். பெரும்போக்கான ஒளியும் இருளும் இரண்டிலும் ஒன்றே ஆகையால், கைரேகை இரண்டையும் ஒரே படமாகக் கருதக்கூடும். இந்தக் கஷ்டத்தை உலகுக்கு எடுத்துக்காட்டவே பேஸ்புக்கின் ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் பதினாயிரம் மீம்களைக் கொண்ட ஒரு தொகுதியை வெளியிட்டார்கள். அதில் துவேஷமான மீம் பலவற்றுக்கு, படத்தை மட்டும் மாற்றினால் குற்றமற்றதாகிவிடும் ஜோடி ஒன்றும், வாசகத்தை மட்டும் மாற்றினால் குற்றமற்றதாகிவிடும் ஜோடி ஒன்றும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டன. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே நூற்றுக்கு ஐம்பது சரியாகிவிடக்கூடிய அந்தச் சோதனையில், அவர்கள் முதலில் முயன்ற இயந்திரங்களில் சிறந்தது 65-ஐ எட்டவில்லை, மனிதர்கள் 84.7 பெற்றார்கள். இயந்திரத்தின் தோல்வியை எல்லோரும் பேசினார்கள். மனிதர்களும் நூற்றில் பதினைந்தில் தவறினார்கள் என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது. ஏனென்றால் இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் விடைகளை எழுதுகிறவர்களும் அத்தகைய மனிதர்களே. அதே ஆண்டில், அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ மூவாயிரம் தமிழ் மீம்களைத் திரட்டி, சீண்டுபவை, சீண்டாதவை என்று பாகுபடுத்தி வெளியிட்டது நமது மொழிக்குக் கிடைத்த நல்ல ஆரம்பம்.

பொருள் படத்துக்குள் மட்டும் இல்லை என்பதற்குக் கணினி வருவதற்கு முந்தைய சான்றே போதும். அரசியலமைப்பு எழுதப்படுவது தாமதமாவதைக் கேலிசெய்து 1949-இல் சங்கர் வரைந்த சித்திரத்தில், நத்தையின் மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். 2006-இல் அது பதினொன்றாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இடம்பெற்றது. 2012 மே மாதத்தில் தொல். திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பினார். அமைச்சர் வருத்தம் தெரிவித்துச் சித்திரத்தைத் திரும்பப் பெற்றார். கோடுகளில் ஒன்றுகூட மாறவில்லை. 1949-இல் வாசகர்களுக்கு அது இரண்டு அமைச்சர்களைப் பற்றிய வேடிக்கை. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், தலைமுறை தலைமுறையாகச் சாட்டையை அறிந்த மக்களின் பிள்ளைகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைத் திறந்தபோது, தங்கள் தலைவரின் முதுகுக்குப் பின்னே ஓங்கிய சாட்டையைக் கண்டார்கள். இந்த இரண்டு வாசிப்புகளில் ஒன்றைப் பொய் என்று ஒதுக்க என்னால் முடியாது. அடுத்து, 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய ஆர். கே. லக்ஷ்மணின் சித்திரம் பாடநூலில் இருப்பதற்குத் தமிழ்நாட்டில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. பாடநூல்களிலுள்ள சித்திரங்களையெல்லாம் பரிசீலிக்க சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைந்தது. பல சித்திரங்களை நீக்கலாம் என்று குழு பரிந்துரைத்தபோது, அதன் உறுப்பினராயிருந்த தமிழ் வரலாற்றறிஞர் எம். எஸ். எஸ். பாண்டியன் அதற்கு உடன்படாமல் தமது மாற்றுக்கருத்தை எழுத்தில் பதிவு செய்தார். அவருடைய முடிவோடு ஒத்துப்போகாதவர்களும் அந்தச் செயலை மதிக்க வேண்டும். எதை ஏன் நீக்கலாகாது என்று எழுதி வைத்தால்தான், அடுத்து வருகிற நடுவர் அதனோடு வாதாடவேனும் முடியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் பிக்பாக்கெட்டுக்கும் முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்ட நகைச்சுவைச் சித்திரம் வெளிவந்ததற்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததால் சில தினங்களில் விடுதலை செய்யப்பட்டார்; 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு அளிக்க உத்தரவிட்டது. அவமதிப்பு என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால், விகடனின் சித்திரம் ஒரு சாதியைத் திருடர் கூட்டம் என்று காட்டும் சித்திரத்துக்குச் சமமாகிவிடும். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பை அளித்துவிட்டு, நாங்கள் பாரபட்சம் காட்டுவதில்லை என்று சொல்லிக்கொள்ளும் சமூகங்களை நான் பார்த்திருக்கிறேன். அது நேர்மையாகாது. முதலாவதில் அடிபட்டவர், அடித்தவரைச் சிறைக்கு அனுப்பும் வல்லமை உடையவர். இரண்டாவதில் அடிபடுகிறவனுக்கு மறுநாள் ஊர்க் கிணற்றிலோ வேலையிடத்திலோ நேரக்கூடியது வேறு.

ஆகவே, நிலையாக இருக்க வேண்டியவை தீர்ப்புகளல்ல, கேள்விகள். மொராக்கோவின் ராபத் நகரில் 2012 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் கூடிய நிபுணர்கள், துவேஷத்தைத் தூண்டும் வெளிப்பாடு எது என்று நிர்ணயிக்க ஆறு கேள்விகளை வகுத்தார்கள்: சந்தர்ப்பம் என்ன, வெளியிட்டவர் யார், அவர் உத்தேசம் என்ன, உள்ளடக்கமும் உருவமும் எப்படிப்பட்டவை, எவ்வளவு தூரம் பரவுகிறது, தீங்கு விளையக்கூடிய வாய்ப்பு எவ்வளவு. குற்றவியல் தண்டனைக்காக வகுத்த உயர்ந்த வரம்பு அது. ஒரு சமூகம் தன் சித்திரக்கூடத்துக்குத் தாழ்ந்த வரம்பை வைத்துக்கொள்ளலாம். கேள்விகளும் வரிசையும் மாறாதிருப்பதே முக்கியம்.

இந்தக் கேள்விகள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் புகழ்பெற்ற சிற்பத்தில் சோதித்துப் பார்க்கலாம். சார்கண்டில் வாழும் அசுரர் என்னும் பழங்குடியினர் மகிஷனைத் தங்கள் முன்னோனாகக் கொண்டு, துர்க்கா பூஜை நாட்களைத் துக்க நாட்களாக அநுசரிக்கிறார்கள். நம்மில் கோடிக்கணக்கானவர்களுக்கு அருள்வடிவான காட்சி, அவர்களுக்குத் தங்கள் மூதாதை கொல்லப்படும் காட்சி. ஒரு கூட்டத்தாரின் முன்னோரைக் கொல்வதாகக் காட்டும் படத்தை நீக்குக என்று விதி எழுதிவிட்டால் இந்தச் சிற்பமும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். இப்போது சுவருக்கு அருகில் செல்லுங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு வில்லை வளைத்துத் தேவி முன்னேறுகிறாள். எதிரே மகிஷன் காலின்கீழ் மிதிபட்டுக் கிடக்கவில்லை. எருமைத்தலையும் மானிட உடலுமாக, கதாயுதத்தை இரு கைகளாலும் பற்றி, பின்னால் சாய்ந்து விலகுகிற அந்த நிலையிலும் அவன் நிமிர்ந்து நிற்கும் அரசனாகவே இருக்கிறான். அவன் தலைக்கு மேலும் குடை பிடிக்கப்பட்டிருக்கிறது. தோற்கப்போகிறவனுடைய கௌரவத்தைச் சிற்பி உளியால் தொடவில்லை. உருவம் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையைக் கல் சொல்ல முடியாது. அதே கதையை எடுத்துக்கொண்டு, மகிஷனுக்கு இன்றைய பழங்குடி மனிதன் ஒருவனின் முகத்தையும் உடையையும் கொடுத்து, அந்த மக்கள் வாழும் ஊரில் கலகம் மூண்டிருக்கும் வேளையில் ஒருவர் வரைந்து பரப்பினால், ஆறு கேள்விகளில் ஐந்துக்கு விடை மாறிவிடுகிறது. கதை ஒன்றே, தீர்ப்பு வேறு, எனினும் இரண்டையும் ஒரே முறையில் பரிசீலித்தோம் என்று எவருக்கும் காட்ட முடியும்.

நமது சட்டமும் சந்தர்ப்பத்துக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. ஆபாசமானவற்றை விற்பதையும் பரப்புவதையும் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, புராதனச் சின்னங்களிலும் கோயில்களிலும் தேர்களிலும் உள்ள உருவங்களை அதற்குப் புறம்பாக வைத்தது. இப்போது நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவும் அப்படியே செய்கிறது.

கேள்விகள் எவ்வளவு நன்றாக வகுக்கப்பட்டாலும், விடை சொல்கிறவருக்கு இடத்தைப் பற்றிய ஞானம் இல்லாவிட்டால் அவை பயன்படா. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கைகளில் கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றின் நிறங்களை ஒரு சித்திரத்தில் அமைத்து, ஒரு நிறத்தவன் வாளோங்க மற்றொரு நிறத்தவன் குனிந்து நிற்பதாக வரைந்தால், அதில் வசைச்சொல் ஒன்றுகூட இராது, இரத்தம்கூட இராது. கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு அது இரண்டு இளைஞர்களின் படம். செங்கற்பட்டில் இருப்பவருக்கே அது முழுவதும் விளங்குமென்று சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கோ பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

இங்கேதான் உடன்பாட்டை அளக்கும் கணக்கை ஜாக்கிரதையாகப் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நடுவர்களில் மூவர் குற்றமில்லை என்றும், இருவர் துவேஷம் என்றும் சொல்லி, அந்த இருவரும் படத்தில் குறிவைக்கப்பட்ட மக்களைச் சேர்ந்தவர்களாக இருந்தால், மூன்று இரண்டைவிடப் பெரிது என்று கணக்கை முடித்துவிடுவது அறிவுடைமை ஆகாது. குறைந்த கப்பா சில சமயங்களில் நடுவர்களின் கவனக்குறைவைக் காட்டுகிறது; சில சமயங்களில் மூவருக்குத் தெரியாத ஒன்று இருவருக்குத் தெரியும் என்பதைக் காட்டுகிறது. எது என்பதைக் கண்டுபிடிக்க, அவர்கள் எழுதிய காரணங்களைப் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகையால் ஒவ்வொரு தீர்ப்போடும் காரணம் இரண்டு வரியாவது எழுதப்பட வேண்டும், வேறுபட்ட அபிப்பிராயமும் அழிக்கப்படாமல் கூடவே வைக்கப்பட வேண்டும், நீக்கப்பட்ட சித்திரத்தை வரைந்தவருக்கு அந்தக் காரணம் காட்டப்பட்டு, முன்பு தீர்மானித்தவரல்லாத வேறொருவரிடம் முறையிட அவருக்கு இடமளிக்கப்பட வேண்டும். இவற்றோடு, நடுவர்களுக்கென்று தொகுக்கப்படும் வழிகாட்டி நூல், அமெரிக்க உதாரணங்களின் பிரதியாக இல்லாமல், கயிற்றின் நிறமும், சுவரெழுத்தில் வரும் சிங்கமும் வாளும், வடிவேலுவின் முகமும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வசையும் படத்துடன் விளக்கப்பட்டதாகத் தமிழில் எழுதப்பட வேண்டும். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு குறியீடு தடைசெய்யப்பட்டது என்று தெரிந்த வாரத்திலேயே அதைப் பயன்படுத்தியவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.